ஈரம் இருபத்திரண்டு

சங்கத்தின் தீர்மானப் புத்தகம்,
முதல் பக்கம், பென்சில் எழுத்து:
"தேனில் பாகு கலப்பவர்
ஓராண்டு இங்கே அளக்கக் கூடாது."
கையெழுத்துக்குப் பதில் ஒரு பெருவிரல் ரேகை.
விரலில் தேன் இருந்திருக்க வேண்டும்;
அந்த இடத்தை மட்டும்
எறும்பு தின்றிருக்கிறது.

அப்போது நாம் திருவிதாங்கூர்.
சில பக்கம் தள்ளினால் சென்னை.
நடுவில் மையின் நிறம் மாறுகிறது, அவ்வளவுதான்.
களியக்காவிளையில் எல்லை விழுந்தபோது
ஈக்களுக்கு யாரும் நோட்டீஸ் கொடுக்கவில்லை.
அந்தப் பக்கத்து ரப்பரில் குடித்துவிட்டு
இந்தப் பக்கத்துப் பெட்டியில் வந்து கக்கின.
"அப்படியானால் அது எந்த ஊர்த் தேன்?"
கூட்டத்தில் ஒருவர் கேட்டிருக்கிறார்.
பதிலுக்கென்று விட்ட நாலு வரி
இன்னும் வெள்ளையாகக் கிடக்கிறது.

பிறகு, புழுக்கள் பைபோல் ஊதிச் செத்த வருஷம்.
தீர்மானம் ஏதும் இல்லை. வந்தவர் மூவர்.
பெட்டிகளை அடுப்பில் வைத்தார்கள்.
மெழுகு படிந்த பலகை
நன்றாக எரியும்.
ஈயே இல்லாத அந்த வருஷத்தில்தான்
மார்த்தாண்டம் என்று பெயர் ஒட்டிய குப்பிகள்
திருச்சி வரை போயின.

சீல், எண், சோதனைச்சாலை எல்லாம்
அதன் பின்னால் வந்தவை.
நானும் அப்படி வந்தவள்தான்:
கிளாடிஸ் ரூபி, வேதியியல்,
மாதம் நாலாயிரத்து இருநூறு.

ஒரு சொட்டு. மேலே கண்ணாடி மூடி.
ஜன்னலைப் பார்த்துக் கண்ணை வைத்தால்
நீலமும் வெள்ளையும் உரசும் ஒரு கோடு.
கோடு இருபதுக்குள் நின்றால் பச்சைச் சீட்டு.

சர்க்கரைப் பாகு எப்போதும் பதினெட்டில் நிற்கும்,
ஒழுக்கமான பிள்ளை.
அதைப் பிடிக்க வேறு மருந்து உண்டு,
மருந்து வாங்கத்தான் காசில்லை.
திற்பரப்பு ரசலையனின் தேன்
இருபத்திரண்டு.
மூன்று தடவை துடைத்துப் பார்த்தேன்.
"மழ பெய்யுத ஊருல்லா பிள்ளே,
ஈ என்ன, குடையா பிடிக்கும்?"
சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.
சிவப்புச் சீட்டை மடித்துச்
சட்டைப் பையில் வைத்துக்கொண்டார்,
பஸ் டிக்கெட் போல.

நாகர்கோவில் ஓட்டலில் ஒருநாள் பயிற்சி.
குளிர்பதன அறை, திரையில் ஸ்பெயின்.
ரியோஹா என்று ஓர் இடம்.
அங்கே ஒயினுக்குச் சபை, எல்லைக்கோடு, பின்னட்டை முத்திரை.
வெறும் குப்பியில் வேறொன்றை ஊற்றி விற்கிறார்களென்று
குப்பியையே கம்பி வலையில் பின்னிவிட்டார்களாம்.
"வலையா? குளச்சலுக்கு ஆள் விடுவோம்"
பின்வரிசையில் பென்னட்ராஜ்.
எல்லாரும் சிரித்தோம்.
எனக்கு அந்த வலையைத் தொட்டுப் பார்க்க வேண்டும்போல் இருந்தது.

முத்திரைக்கு நாமும் விண்ணப்பித்தோம்.
நாலாம் கட்டம்: எந்தப் பூவின் தேன்?

ரப்பரில் ஈ பூவைத் தேடிப் போவதில்லை.
இலை கொட்டி முடித்து
மாசியில் செம்புத் தளிர் விடும்.
மூவிலை சேரும் காம்பின் நுனியில்
மூன்று பொட்டாக ஊறும் மதுரம்.
நக்கிப் பார்த்திருக்கிறேன்.
"இலை" என்று எழுதினேன்.
திரும்பி வந்தது.
"பூ எனத் திருத்தி அனுப்புக."

கூட்டம் நேற்று, நாலரை மணிக்கு.
பூ என்று எழுதலாம்: பதினொன்று.
வேண்டாம்: ஏழு.
ரசலையன் கை தூக்கவில்லை;
மேசையில் கிடந்த சோதனைக் குப்பியைத் திறந்து
தேநீரில் விட்டுக் கலக்கினார்.

தீர்மானத்தை நான்தான் எழுதினேன்.
பூ. ஒற்றை எழுத்து.
அதற்குக் கீழே ஏனோ
நாலு வரி விட்டுத்தான்
தேநீர்ச் செலவைப் பதிந்தேன்.
புத்தகத்தை மூடும்போது
தாள் விரலோடு கொஞ்சம் வந்தது.