நூற்றெண்பது கிலோபைட்

ஈற்றுக்காலப் பாடத்துக்கு
ஆறு காணொளி எடுத்தோம்.
ஓரத்தில், யாரும் கேட்காமல்
நானே சேர்த்தது ஒரு பக்கக் கோப்பு:
தலை திரும்பிய குட்டியை வெளியே எடுப்பது.

நாரின் நகர அலுவலகம். ஹீட்டர்மேல்
காலுறை காய்ந்துகொண்டிருந்தது.
காணொளிகளுக்கு நானூற்றுப் பன்னிரண்டு பார்வை.
கோப்புக்குப் பதிவிறக்கம் ஒன்று.

“ஒன்றா?” என்றாள் பெர்மெத்.
நிதி தருகிறவர்களுக்கு அறிக்கை எழுதுகிறவள்.
“எடுத்துவிடேன். பக்கம் சுத்தமாக இருக்கும்.”

அந்த ஒன்றும் நானாக இருக்கலாம்,
திறக்கிறதா என்று சோதித்த அன்று.
அவளிடம் அதைச் சொல்லவில்லை.

ஏப்ரலில் கணவாய் திறந்தது.
அட்-பாஷிக்கு அப்பால் போகிற வழியில்
கைபேசியின் கடைசிக் கோடு
இரண்டு மலைக்கு முன்பே
எங்களை விட்டு இறங்கிக்கொண்டது.

துருசுன்பெக்கின் கொட்டில் கதவில்
மாவு மூட்டைத் தாள், நான்கு ஆணி.
என் படம்தான். யாரோ
நீலப் பேனாவால் பார்த்து வரைந்திருக்கிறார்கள்.
ஆனால் ஆட்டுக்கு வால் பெருத்திருந்தது.
“உங்கள் ஆடு எந்த நாட்டு ஆடு?” என்று சிரித்தார்.
“கொழுப்பு வாலை ஒதுக்காமல்
கையை எங்கே விடுவது?”

நான்காவது படி: கையில் எண்ணெய் தடவு.
அதற்கு மேலே, இடுக்கில், பென்சிலில்:
முதலில் மோதிரத்தைக் கழற்று.

எழுதியவள் சைரகுல், அவர் மருமகள்.
ஏன் என்று நான் கேட்கவில்லை.
அவள் விரல் வெறுமையாக இருந்தது.
மூலையில் ஒரு தாயாடு
எங்களைச் சட்டைசெய்யாமல் அசைபோட்டது.

எப்படி வந்தது இவ்வளவு தூரம்?
பால்வண்டி ஓட்டும் ஜோல்தோஷ்
பெட்ரோல் பங்கில் நின்றபோது இறக்கிக்கொண்டானாம்.
அவன் கைபேசியிலிருந்து மச்சானுக்கு,
மச்சானிடமிருந்து ஓடைக்கு அக்கரையில் இருப்பவனுக்கு,
பிறகு கம்பியும் அலையும் இல்லாமல்
கொட்டில் கொட்டிலாக.
காணொளி? “அது சுற்றிக்கொண்டே இருக்கும்.
குட்டி காத்திருக்குமா?”

திரும்பி வந்து
வாலை வரைந்தேன். மூன்று தடவை அழித்து.
மோதிரத்தை முதல் படியாக்கினேன்.
எடை கூடாமல் பார்த்துக்கொண்டேன்.
பழையதை நீக்கிப் புதியதை ஏற்றினேன்.

பெர்மெத் என் தோளுக்குமேல் எட்டிப் பார்த்தாள்.
பதிவிறக்கம்: பூஜ்யம்.

“இப்போது அந்த ஒன்றும் போயிற்றா?” என்றாள்.

வியாழக்கிழமை பால்வண்டி வரும்.