நாலு கோடு

நேரசூசி போடுகிறவள் நான்.
கணிதம் படிப்பிக்கிறவள் என்பதால்
என் தலையில் கட்டிவிட்டார்கள்.
எல்லாம் கட்டத்துக்குள் அடங்கும்,
வியாழன் மூன்றாம் பாடவேளையைத் தவிர.
சமயபாடம். மணி அடித்ததும்
தரம் எட்டு நாலாய் உடைந்து போகும்.
சைவம் மேல்மாடிக்கு,
இஸ்லாம் விஞ்ஞானகூடத்துக்கு,
கத்தோலிக்கம் இருந்த இடத்திலேயே,
கிறிஸ்தவம் ஏழு பேர், மண்டப மேடையின் ஓரம்.
மீதி ஒன்று.

மீதி என்று எழுதக் கூடாதுதான்.
அவன் பெயர் சந்தருவன்.
தாய் ஜிந்துப்பிட்டி, தகப்பன் மாத்தறைப் பக்கம்.
தமிழில் பௌத்தம் படிப்பிக்க எங்களிடம் ஆளில்லை.
புத்தகத்தோடு நூலகத்தில் குந்தியிருப்பான்,
தானே வாசித்து, தானே கேள்வி கேட்டு,
தானே தனக்குச் சரி போட்டுக்கொண்டு.

ஒக்டோபரில் ஒரு வியாழன்
கொட்டாஞ்சேனையில் வானம் பிய்த்துக்கொண்டது.
மேல்மாடித் தகடு கழன்றது.
விஞ்ஞானகூடத்தில் கணுக்கால் தண்ணீர்.
இரண்டு ஆசிரியர்கள் இன்னும் ஆமர் வீதி நெரிசலில்.
காய்ந்து கிடந்தது நூலகம் மட்டும்.
நாற்பத்தொரு பேரையும் அதற்குள் தள்ளி
"டீச்சர், ஒரு நாற்பது நிமிஷம்" என்றார் அதிபர்.
சந்தருவன் எழும்பி,
வீட்டுக்கு ஆள் வந்ததுபோல்
கதிரைகளை இழுத்துப் போட்டான்.

எனக்குச் சமயம் படிப்பிக்க வராது.
"புத்தகங்களை மாத்திப் பிடியுங்கோ" என்றேன்.
கொஞ்ச நேரம் மீன்சந்தை.
"டீச்சர், இவங்களுக்கும் நோன்பு இருக்காம்!"
"எங்கட விரதத்தில தண்ணி குடிக்கலாம்."
"அப்ப அது என்ன விரதம்?"
மஃப்ராஸ் ஒரு பதிகத்தை
நூறாம் நம்பர் பஸ் கொண்டக்டர்போல
ஒரே மூச்சில் தெகிவளை வரை ஓட்டினான்.
யாரோ கண்டுபிடித்தார்கள்:
எல்லாப் புத்தகத்திலும் ஒரே பையன்
ஒரே கிழவரை வீதி கடத்திவிடுகிறான்.
தொப்பியும் திருநீறும் சிலுவையும்தான் மாறுகின்றன.
கிழவர் பாவம், இன்னும் வீடு போய்ச் சேரவில்லை.

அனிஸ்டாவின் புத்தகம்
ஷஸ்னாவின் கைக்குப் போயிருந்தது.
பத்தாம் அலகு, மன்னிப்பு. பயிற்சி மூன்று:
'உமக்குத் தீங்கு செய்தவரை நீர் எவ்வாறு நடத்துவீர்?'
கீழே நாலு கோடு.
மற்ற அலகெல்லாம் முத்துமுத்தாய் நிரம்பியிருக்க
இங்கே மட்டும் வெறுமை.
எழுதி அழித்து, எழுதி அழித்து
தாள் அந்த இடத்தில் மெலிந்திருந்தது.

அந்த ஞாயிறு பூசைக்குப் போன சித்தி
திரும்பி வராதபோது அனிஸ்டாவுக்கு ஏழு வயது.
ஷஸ்னாவுக்கும் ஏழு வயதுதான்,
பள்ளி திரும்பத் திறந்த அன்று
வாசலில் அவளுடைய பையை மட்டும்
இரண்டு தரம் கொட்டிப் பார்த்தபோது.
கொட்டிப் பார்த்த கை என்னுடையது.
ஒரு தண்ணீர்ப் போத்தல், கொப்பிகள்,
பாதி கடித்த மாலு பணிஸ்.

ஷஸ்னா பக்கத்தைப் புரட்டாமலே இருந்தாள்.
அனிஸ்டா என்னைக் கேட்டாள்:
"டீச்சர், புள்ளி கிடைக்கிற பதில் எனக்குத் தெரியும்.
அத எழுதினாப் பொய்யா?"

மழை தகரத்தில் அடித்துக்கொண்டிருந்தது.
எனக்குத் தெரிந்த பாடத்தில்
தெரியாததை எக்ஸ் என்று வைத்துக்கொண்டு
மேலே போகலாம். அதைச் சொன்னேன்.
ஒருவரும் சிரிக்கவில்லை.

ஷஸ்னா அடிமட்டத்தை எடுத்தாள்.
நாலு கோட்டுக்குக் கீழே இன்னொரு கோடு கீறினாள்.
அதற்குக் கீழே இன்னொன்று.
பக்கம் முடியும்வரை, பிறகு மறுபக்கமும்.
அனிஸ்டா தாளின் ஓரத்தை
அசையாமல் பிடித்துக்கொண்டாள்.

மணி அடித்தது. போய்விட்டார்கள்.
சந்தருவன் அவசரமில்லாமல் கதிரைகளை அடுக்கினான்.

அடுத்த வியாழன் தகடு சரியாகி
பழையபடி நாலாய் உடைந்தது வகுப்பு.
பை பார்ப்பதை நிறுத்தி வருஷங்களாகிறது.
ஆனாலும் காலையில் என்னைக் கண்டால்
ஷஸ்னாவின் கை
ஸிப்பைத் தேடிப் போகிறது.
ஒவ்வொரு நாளும் நான் குட்மோர்னிங் மட்டும் சொல்கிறேன்.