இருபத்துநான்கு டிகிரி

கொதிகலன் என் பொறுப்பு.
ரீகா மிருகக்காட்சி சாலையில்
யாருக்கு எவ்வளவு சூடு என்று
குழாய்க்குக் குழாய் எழுதி ஒட்டியிருக்கிறேன்.
சிங்கத்தின் உள்ளறைக்குப் பதினைந்து.
ஆமைகளுக்கு இருபத்தெட்டு, விளக்கடியில் இன்னும் கொஞ்சம்.
பனிமானுக்கு ஒன்றுமில்லை;
பனியில் படுத்தபடி அது
என்னைப் பரிதாபமாகப் பார்க்கும்.

மாடிப்படிக்கு அடியில் ஓர் அறை.
கதவில் பெயரில்லை.
உள்ளே, பள்ளிக்கூடத்துச் சோற்று டப்பாக்களைப் போல
நாற்பது பிளாஸ்டிக் பெட்டிகள்.
அதற்கு இருபத்துநான்கு.
ஒன்று குறைந்தால் குண்டெகா போன் செய்வாள்.
ஒன்று கூடினாலும் செய்வாள்.

வேலைக்குச் சேர்ந்த வருஷம் கேட்டேன்:
என்னதான் வைத்திருக்கிறாய் உள்ளே?
"ஒரு தீவு" என்றாள்.
சிரிக்கவில்லை.

ஈரத்தாளில் ஒட்டிக்கொண்டு நத்தைகள்.
சுண்டுவிரல் நகத்தளவு.
தென்கடலின் மலைச்சரிவொன்றில்
இலைக்கு இலை இருந்தவையாம்.
பயிரைத் தின்னும் பெரிய நத்தையை ஒழிக்க
யாரோ இன்னொரு நத்தையைக் கொண்டுவந்து விட்டார்கள்.
அது பெரியதை விட்டுவிட்டு
இவற்றைத் தின்னத் தொடங்கியது.
நத்தையை நத்தை துரத்தியது.
பார்த்தவர் யாருக்கும் அது
வேகமாகத் தெரிந்திருக்காது.
சில வருஷங்களில் காடு காலி.

ஓட்ஸ் மாவு, காய்ந்த காஞ்சொறி, சுண்ணாம்பு
மூன்றையும் குழைத்து
சுவருக்கு வெள்ளையடிப்பதுபோல்
பெட்டிச் சுவரில் பூசுவாள்.
இவை முட்டையிடுவதில்லை. குட்டிதான்.
ஒரு நேரத்தில் ஒன்று, எள்ளளவு,
ஓட்டோடு.
அதனால் பழைய தாளை எறியுமுன்
ஒவ்வொன்றையும் விளக்குக்கு எதிரே பிடித்து
மூன்று முறை பார்ப்பாள்.
மூன்றாவது முறைதான் ஒருநாள்
ஒரு புள்ளி நகர்ந்ததாம்.

ஜனவரியில், மைனஸ் இருபத்திரண்டில்,
ராத்திரி மின்கம்பி அறுந்தது.
யாருக்கு முதலில் மின்சாரம் என்ற பட்டியல்
என் கையெழுத்தில்தான் இருந்தது.
ஒன்பதாம் வரிவரை ஜெனரேட்டர் தாங்கியது.
நத்தை பதினொன்று.

அன்றைக்கு அவள் போன் செய்யவில்லை.
அது மணி அடித்ததைவிடச் சத்தமாக இருந்தது.
ஓடினேன்.
அறை காலி.
முற்றத்தில் அவளுடைய பழைய கார்
புகைவிட்டுக்கொண்டு நின்றது.
பின்சீட்டில் பெட்டிகள், முன்சீட்டில் பெட்டிகள்,
மகனின் பனிச்சறுக்குக் காலணிகள் வெளியே பனியில்,
கண்ணாடியில் தொங்கும் வெப்பமானி.
"ஏறு. உடம்புச் சூடும் உதவும்."

மடியில் நான்கு பெட்டிகளோடு உட்கார்ந்தேன்.
மூச்சால் ஜன்னலெல்லாம் மூடிக்கொண்டது.
மூன்று மணிக்கு டீசல் தீரப் பார்த்தது;
பனிவாரி வண்டியிலிருந்து
குழாய் வைத்து உறிஞ்சினேன்.
நாக்கில் அந்தக் கசப்பு இரண்டு நாள் இருந்தது.
அவள் பேசவில்லை.
பத்தொன்பது, என்றாள் ஒருமுறை.
பிறகு, இருபது.

விடிந்தபோது செத்தவை ஐந்து.
பிறந்தவை இரண்டு.
இரண்டு கணக்கையும் ஒரே பேனாவால்
ஒரே பக்கத்தில் எழுதினாள்.

மார்ச்சில்தான் என்னால் சொல்ல முடிந்தது,
அந்தப் பதினொன்றை எழுதியவன் நான் என்று.
"தெரியும். உன் ஒன்றுகள் எப்போதும்
இடப்பக்கம் சாயும்" என்றாள்.
அவ்வளவுதான்.
பட்டியலை மாற்றினேன். இப்போது மூன்று.
இயக்குநர் காரணம் கேட்டார்.
ஒரு இஸ்திரிப்பெட்டி இழுக்கும் கரண்ட்கூட இழுக்காது, ஐயா, என்றேன்.

செப்டம்பரில் முதுகில் ஒரு சாயப்பொட்டோடு
இருநூறு நத்தைகள் விமானம் ஏறின.
பெட்டிக்குப் பணம் இருந்தது,
அவளுக்கு இல்லை.
பதினோராம் எண் டிராமில் வீட்டுக்குப் போனாள்.
டிசம்பரில் தீவிலிருந்து ஒரு வரி வந்தது:
இரவு, மழை, டார்ச் வெளிச்சம்,
ஒன்பது பொட்டுகள்.
பொட்டில்லாத ஒன்று.

எனக்கு ஜலதோஷம் இப்போது.
மூக்கைச் சிந்திய தாளை
விளக்குக்கு எதிரே பிடித்து நிற்கிறேன்.
அடுக்களையிலிருந்து மனைவி கேட்கிறாள்,
என்ன பார்க்கிறாய், மோட்ரிஸ்?

இன்னும் ஒருமுறை பார்த்துவிட்டு
சொல்கிறேன்.