நான்காம் டிவிஷன், செவ்வாய் இரவு

ஸ்குவாஷ் என்றதும் மாமியார்
ஆரஞ்சா எலுமிச்சையா என்றார்.
பன்னிரண்டு வருஷமாயிற்று. இன்னும் கேட்கிறார்,
செவ்வாய்தோறும் நான் பையைத் தூக்கும்போது.

ஆற்றுக்கு இந்தப்பக்கம் பொத்தோங் பாசிர்,
அந்தப்பக்கம் தோ பாயோ.
நடுவில் ஒரு பாலம்.
இரண்டு கரையிலும் மீன் தின்னும் நீர்நாய்களுக்குக்
கட்சி கிடையாது. எங்களுக்கு உண்டு.
நான்காம் டிவிஷன்; அதற்குக் கீழே ஐந்து இல்லை.
பட்டியலின் கடைசி இடம்
யாருக்கு வேண்டாம் என்பதற்குத்தான் போட்டி.

மூன்றாவது ஆட்டம் என்னுடையது.
எதிரே டெரன்ஸ் இயோ.
'எதிரே' என்று எழுதிவிட்டேன், அடித்துவிடுங்கள்.
டென்னிசில் எதிரே. பூப்பந்தில் எதிரே.
இங்கே என் தோளுக்குப் பக்கத்தில்,
மூச்சிரைப்பது காதில் விழும் தூரத்தில்,
நான் பார்க்கும் அதே வெள்ளைச் சுவரைப் பார்த்துக்கொண்டு.
எதிரி என்ற சொல்லைச் செய்தவர்
இந்த ஆட்டத்தைப் பார்த்ததில்லை.

எங்கள் சட்டையைக் கழற்றிவிட்டுப்
பாலம் தாண்டிப் போனவர் இயோ.
காரணம் ஒரு மின்விசிறி:
கழகத்துக் காசா, அவர் காசா.
விசிறி இப்போது இரு தரப்பிடமும் இல்லை.
குடியிருப்பு மட்டும் மாறவில்லை.
என் பிளாக்தான். அவர் பதினொன்றாம் மாடி, நான் ஏழு.

முதலில் பந்தைச் சூடாக்க வேண்டும்.
இரண்டு மஞ்சள் பொட்டு வைத்த கறுப்புப் பந்து,
குளிர்ந்திருந்தால் செத்த தவளை.
அதனால் ஐந்து நிமிடம்
அவருக்கு நான், எனக்கு அவர்,
பதமாக அடித்துக் கொடுத்தோம்.
பகைக்கு முன் உபசாரம். விதிப்புத்தகத்தில் இருக்கிறது.

சற்று முன் தோற்ற எங்கள் ருசைனிதான் நடுவர்.
கண்ணாடிக்கு அப்பால், வாயில் வாழைப்பழம்.
"லெட்" என்று கத்தினால்
விழுங்கிவிட்டுத்தான் தீர்ப்பு.

சுவரின் அடியில் முழங்கால் உயரத்துக்குத் தகரம்.
பந்து பட்டால் பாத்திரக்கடை போலக் கத்தும்.
தொடக்கப்பள்ளியில் அன்னக்கிளி டீச்சர் எழுதவைத்த தகரம் வேறு.
தோல்வி அதில் தொடங்கும் என்பது மட்டும்
இரண்டுக்கும் பொது.

இரண்டு கேம் அவர், இரண்டு நான்.
அவருடைய பிட்டத்தை நான் இடித்ததும்
என் பந்து அவர் கெண்டைக்காலில்
பிறைபோல் சிவந்ததும்
இருவரும் மாறி மாறிச் "சாரி" சொன்னதும்
கணக்கில் வராது.
ஐந்தாவதில் ஒன்பதுக்கு ஒன்பது.

பத்து மணிக்கு விளக்கு தானாக அணையும்.
சுவரில் ஒட்டியிருக்கிறார்கள், நான்கு மொழியில்.

இருட்டு.
பந்து இன்னும் காற்றில்.
மட்டையை வீசினேன், பட்டது.
சுவரில் ஒரு சத்தம். தரையில் ஒரு சத்தம்.
அப்புறம் இன்னொரு மட்டை.
மனுஷன் கண் தெரியாமலே அடிக்கிறார்!
நானும் அடித்தேன். அவரும்.
யாரும் நிறுத்தச் சொல்லவில்லை.
ரப்பர் செருப்பு தேய்வதுபோல் காலடிகள்,
அவர் வியர்வை என் கையில் தெறிக்கிறது,
இவ்வளவு நன்றாக நான் ஆடியதே இல்லை.
மூன்றோ நான்கோ அடி.
பிறகு

தகரம்.

கடைசியாக அடித்தது யார்?
வெளியே பத்துப் பேர், பன்னிரண்டு கருத்து.
"நான் பாக்கல," என்றார் ருசைனி.
அன்றைக்கு அவர் சொன்னதில் சரியான தீர்ப்பு அது ஒன்றுதான்.
காவலாளி சாவிக்கொத்தை ஆட்டினார்.
லீக் செயலாளருக்கு இரண்டு கரையிலிருந்தும்
இரண்டு புகார்.

மறுநாள் காலை ஏழே காலுக்கு
மேலிருந்து இறங்கிய லிஃப்ட் ஏழில் திறந்தது.
உள்ளே அவர். நுழைந்து திரும்பி நின்றேன்.
தோளுக்குப் பக்கத்தில் தோள்,
ஒரே கதவைப் பார்த்துக்கொண்டு.
கோடாலித் தைல வாசம்.
அவருடையதா என்னுடையதா தெரியவில்லை.

நான்காம் மாடி தாண்டும்போது
"யூ லா," என்றார், கதவிடம்.
"இல்ல, நீங்க," என்றேன் நானும் கதவிடமே.

உள்ளங்கையில் அந்த அதிர்வு
இன்னும் கொஞ்சம் இருந்தது.
பையின் வாரை இறுக்கிப் பிடித்துக்கொண்டேன்.
மூன்று. இரண்டு.