காலணிப் பை

வயலின்காரர் பெட்டியை மடியில் வைத்துப் பறக்கிறார்.
எனக்கு ஒரு துணிப்பை. உள்ளே
மெல்லிய தோலடி வைத்த ஒரு ஜோடிக் காலணி.
"ஆர்கன் வாசிக்கிறவரா? வாத்தியம் எங்கே?"
ப்ரேமனில் சுங்க அதிகாரி.
அங்கேயே இருக்கிறது என்றேன், முந்நூற்று நாற்பது வருடமாக.
அவர் சிரிக்கவில்லை.
காலணிகளைக் கவிழ்த்துத் தட்டிப் பார்த்தார்.

ரெய்க்யவிக்கில் எரிமலையைப் பார்த்து வளர்ந்தவளுக்கு
இந்தத் தட்டை நிலம் பயமாக இருக்கிறது.
கடலைவிடத் தாழ்ந்த மேய்ச்சல். கடலணை மேல் ஆடுகள்.
மண்மேட்டில் செங்கல் தேவாலயம்;
மணிக்கோபுரம் மட்டும் இருபதடி தள்ளி, சற்றே சாய்ந்து,
பேச்சு முறிந்த சம்பந்தியைப் போல.

சாவி வ்யூப்போ ஹார்ம்ஸிடம். நாற்பது பசுக்காரர்.
பால் கறந்த கையோடு வந்திருந்தார்.
"குமிழ் இழுப்பதும் நான்தான். பக்கம் திருப்ப என் மகள் கேஷே.
அவளுக்கு நோட்டு தெரியும்.
நான் உங்கள் தாடையைப் பார்த்துக்கொள்வேன்."

ஐந்து டிகிரிக் குளிரில் ஒத்திகை.
அடி ஸ்தாயியில் கட்டைகள் குறைவு:
ஈ என்று அழுத்தினால் சி பேசுகிறது.
இருட்டில் இல்லாத மாடிப்படிக்குக் காலை நீட்டியதுபோல்
என் இடது கை தடுமாறியது.
ஜி ஷார்ப்புக்கும் ஈ ஃப்ளாட்டுக்கும் நடுவே
சுருதிக்காரர்கள் ஓநாய் என்று பேரிட்ட அந்த ஊளை.
அதன் பக்கம் போகாதவையாகத்தான் பொறுக்கி வந்தேன்.
ஒரே ஒரு இடம் தவிர.

பின்னால், துருத்தி மிதிக்கும் மேடை.
இப்போது மோட்டார்.
பலகையில் கத்திக் கீறல்கள்:
"1741. கால் மரத்துவிட்டது. ஈலர்ட்."
கொஞ்சம் கீழே, "பிரசங்கம் இரண்டு மணி நேரம்."
அதற்கும் கீழே, "மறுபடியும் ஈலர்ட்."
முன்வரிசை வெள்ளீயக் குழல்களைப் போருக்கு எடுத்துப்போனார்கள்
என்றார் வ்யூப்போ, போன வாரம் நடந்ததுபோல்.
1917-இல்.

மாலை அறுபத்திரண்டு பேர், யாரும் கோட்டைக் கழற்றவில்லை.
மூன்றாவது பாடல். ஒற்றைப் புல்லாங்குழல் குமிழ், வேறெதுவும் இல்லை.
ஈ ஃப்ளாட். விரலை எடுத்தேன்.
சுரம் போகவில்லை.

போகவேயில்லை. அழைக்காமல் வந்தவனைப்
பந்தியில் உட்காரவைத்துப் பரிமாறுவதுபோல்
மற்ற சுரங்களை அதைச் சுற்றி வைத்துக்கொண்டே போனேன்.
என் தாடை என்ன சொன்னதோ,
வ்யூப்போ பக்கக் கதவைத் திறந்து உள்ளே நுழைந்தார்.
குழல்களின் இடுக்கில் டார்ச் வெளிச்சம் ஊர்ந்தது.
சட்டென்று நின்றது சத்தம்.
வெளியே வந்தபோது கையில் முழநீளக் குழல்,
பிறந்த கன்றைத் தாங்குகிறாற்போல,
அடியில் உள்ளங்கை கொடுத்து.
பாடல் முடியும்வரை அப்படியே நின்றார்.
கேஷே உதட்டைக் கடித்துக்கொண்டு பக்கம் திருப்பினாள்.

விழுந்த பல்லின் குழியை நாக்கு துழாவுவதுபோல்
விரல் அங்கேயே போனது.
பிறகு அந்த ஓநாய் இடம் வந்தது.
பல்லைக் கடித்துக்கொண்டு அழுத்தினேன்.
ஊளை இல்லை.
ஒரு பாதிச் சுரமும், குழலில்லாத துளையிலிருந்து
உஸ்ஸென்று வெறும் காற்றும்.

இடைவேளையில் வால்வில் சிக்கியிருந்ததை
நகநுனியில் காட்டினார்: வாற்கோதுமை உமி.
ஊதிவிட்டுக் குழலைச் செருகினார்.

கடைசியில் தேநீர். கோப்பையில் முதலில் கற்கண்டு.
ஹில்கே டாமன் என்ற அம்மாள், அணைக் காவல் அலுவலகமாம்,
என் முழங்கையைப் பிடித்தார்.
"மூன்றாவதில் ஒரு இடம், வாத்தியம் மூச்சு மட்டும் விட்டதே,
அதை இயற்றியவர் யார்?"

ஈலர்ட், என்றேன்.

"எங்கள் பக்கத்துப் பெயர்!" என்று போய் வேறு யாரிடமோ சொன்னார்.
வ்யூப்போ கோப்பையிலிருந்து நிமிரவில்லை.
தாடை மட்டும் அசைந்தது.
சூடான தேநீரில் கற்கண்டு படீரென்று வெடித்தது.

நாளை எல்லை தாண்டி இன்னொரு கிராமம்.
அங்கே பெடல்கள் மிகக் குட்டையாம்,
குதிகாலே வைக்க முடியாதாம்.
காலணியைப் பைக்குள் போட்டேன். இடதில் இன்னும் ஈரம்.