மூன்றாம் பரிசு

மனு வாங்கும் அதிகாரி வர
இன்னும் ஒருமணி நேரம் ஆகுமாம்.
நாகப்பட்டினம் மியூசியத்தில் ஃபேன் ஓடும்,
உள்ளே போனேன்.
சணல் கயிற்றில் பன்னிரண்டு படங்கள்.

ஏழாவதில்
வானம் முழுக்கத் தரையில் கிடந்தது.
ஒற்றைக் கொக்கு.
‘வெள்ளி வயல், தை மூன்று’ என்று
கீழே ஒரு சீட்டு.

சாய்ந்த டிரான்ஸ்பார்மரை வைத்துத்தான்
கண்டுபிடித்தேன்.
அந்த வெள்ளிக்கு அடியில்
அறுப்புக்கு நாலு நாள் இருந்த என் பொன்னி
கதிரிலேயே முளைத்துக்கொண்டிருக்கிறது.

‘பாதிப்புக்கு ஆதாரம் இல்லை’ என்று
இன்சூரன்ஸில் திருப்பிய தாள்
பைக்குள் நாலாய் மடிந்திருந்தது.

போனை எடுத்தேன்.
“படமெடுக்க இருபது ரூபா”
என்றார் வாட்ச்மேன் சூசைராஜ்.
சில்லறையாகக் கொடுத்தேன்.

கொக்கு விழாமல் எடுக்கப் பார்த்தேன்,
முடியவில்லை.
அது நின்றது
தண்ணீருக்கு மேல் துருத்திய
என் எல்லைக்கல்லில்.