நகக்குழி

வினமக்காவில் தீவனக் கடையை எட்டு மணிக்குத் திறப்பேன்.
எட்டேகாலுக்கு லாயிட் எட்செவெரி
தொப்பி விளிம்பில் ஏப்ரல் பனியோடு உள்ளே வந்தான்.
உப்புக்கட்டி கேட்கவில்லை, முள்கம்பி கேட்கவில்லை.
கல்லாவுக்குப் பக்கத்துக் கண்ணாடிப் பெட்டியைக் காட்டி
"முப்பது டாலருக்குள்" என்றான்.

முப்பதுக்குள் என்றால் மான்கொம்புப் பிடி கிடையாது.
எலும்பு மாதிரி நடிக்கும் பிளாஸ்டிக்,
இல்லாவிட்டால்
பிளாஸ்டிக்தான் என்று ஒப்புக்கொள்ளும் மஞ்சள்.
"மஞ்சளை எடு" என்றான்.
"புல்லில் விழுந்தால் அதுவே கூப்பிடும்."

ஒன்று கேட்டவன் முன்னால் நான்கு எடுத்து வைத்தேன்.
ஒரே கம்பெனி, ஒரே அச்சு, மூன்று அலகு மடக்குக்கத்தி.
விலை மலிந்த இடத்தில்
இரட்டைப் பிள்ளைக்கும் முகஜாடை ஒன்றாக இராது,
இது எனக்கும் தெரியும், அவனுக்கும் தெரியும்.

டியூப்லைட்டுக்கு நேரே ஒவ்வொன்றாய்த் தூக்கிப் பார்த்தான்.
முதுகுத் தகட்டுக்கும் பித்தளைக்கும் நடுவே
முதலாவதில் வெளிச்சம் ஒழுகியது.
இரண்டாவது, ஆடும் பல்.
மூன்றாவதும் நான்காவதும் நன்றாக இருந்தன,
ரொம்ப நன்றாக.
திறக்க முடியவில்லை அவனால்.

ஆறு வருஷம் முன்பு
சேணத்து முன்கொம்பில் கயிற்றைச் சுற்றும்போது
கட்டைவிரல் உள்ளே நின்றுவிட்டது,
மாடு நிற்கவில்லை.
எந்தக் குருவும் கேட்காத விரல்.
இந்தக் கவுண்டியில் அப்படி நான்கு பேர் இருக்கிறார்கள்,
யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை.
கத்தி செய்கிறவர்களும் யோசிப்பதில்லை:
அலகின் நகக்குழியை
வலது கட்டைவிரலுக்கென்றே வெட்டி வைக்கிறார்கள்.

இரண்டு விரலால் அலகைக் கவ்வி இழுத்தான்.
வழுக்கியது.
பல்லால் கடித்துத் திறக்கப் போனான்,
நான் பார்ப்பதைப் பார்த்து நிறுத்திக்கொண்டான்.
தொண்ணூறு டாலர்க் கத்தி இன்னும் இறுக்கம்,
அதற்குத்தான் தொண்ணூறு.
சொல்லவில்லை நான். தராசைத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

"அந்த டிராயரில் என்ன?"
"திருப்பி அனுப்ப வேண்டியது. ஸ்பிரிங் தளர்வு.
ரெண்டு பேர் வாங்கி ரெண்டு பேரும் கொண்டுவந்து போட்டுவிட்டார்கள்."
"காட்டு."

கூர்முனை அலகு வந்தது.
ஆட்டுக்குளம்பு அலகு வந்தது.
காயடிக்கும் அலகு,
அகலமாய், மொண்ணை மூக்கோடு,
தூக்கம் கலைந்த குழந்தை மாதிரி எழுந்து வந்தது.
மற்றவை மூடும்போது 'சட்' என்றன.
இது 'ம்' என்றது.
கண்ணை மூடிக்கொண்டு
ஏழெட்டு தடவை அதை 'ம்' சொல்ல வைத்தான்.

"மடங்கி விரலில் விழுந்தால்?"
"ஒன்பது இருக்கிறதே."

"குறை இருக்கிறது, குறைத்துத் தருகிறேன். பதினெட்டு."
"எது குறை?"
உண்மையிலேயே கேட்டான்.
வரியோடு இருபத்தொன்பது டாலர் சொச்சத்தை
கடைசிச் சில்லறை வரை எண்ணி வைத்தான்.
நாற்பது நிமிடம் ஆகியிருந்தது.
வெளியே தீவன மூட்டைக்காக
இரண்டு வண்டிகள் ஹாரன் அடித்துக்கொண்டிருந்தன.

ஜன்னல் வழியே பார்த்தேன்,
பிக்கப்பில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்தான்,
காயடிக்கும் அலகால், தோல் அறாமல், ஒரே சுருளாய்.
வியாழக்கிழமை அவனுக்கு இருநூறு கன்று.
அதற்குப் பிறகு அந்த அலகில்
யாரும் பழம் நறுக்கித் தின்னமாட்டார்கள்.
நாய்க்கு ஒரு சுளை நீட்டினான்.
முகர்ந்துவிட்டு அது திரும்பிக்கொண்டது.

நான்கையும் எடுத்துக் கண்ணாடிக்குள் வைத்தேன்.
நல்ல ஸ்பிரிங்குகள்.